அபின் உருண்டையும் அரசாணையும்

குயிலாபுரியை ஆண்ட சித்திரவர்மருக்குக் கோபம் சட்டென்று வரும். சிரிப்பு அதைவிடச் சட்டென்று வரும். இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தவன் சபையில் ஒருவன்தான். அவன் பெயர் பூவராகன்.

அந்த ஊர்க் கடைவீதியில் தாண்டவன் என்பவன் ‘ஆனந்த உருண்டை’ என்று ஒரு பண்டம் விற்றான். வெல்லம், எள், ஏலக்காய், உள்ளே அபின். தின்றவன் சிரிப்பான், பாடுவான், அப்புறம் சுருண்டு விடுவான். கோட்டை வாசல் காவலன் ஈட்டியைப் பிடித்து நின்றபடியே குறட்டை விட்டான். ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது.

பூக்காரி செங்கமலத்தின் மூன்று வயது மகள் கீழே கிடந்த உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டதும் சிரிப்பு நின்றது. பிள்ளை ஒரு பகல், ஓர் இரவு கண் திறக்கவில்லை. அரண்மனை வைத்தியர் அரும்பாடுபட்டு எழுப்பினார். செங்கமலம் சபைக்கு வந்து, “மகாராசா, என் பிள்ளை பிழைச்சுது. அடுத்த வீட்டுப் பிள்ளையும் பிழைக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

மன்னர் கொதித்தார். ஊரின் உணவுப் பண்டங்களைச் சோதிக்கும் அதிகாரி அரங்கேசனை அழைத்தார். “இன்றே விற்பனையை நிறுத்தும்! ஆணையை நீரே எழுதும்.”

அரங்கேசன் எழுதினார்: ‘ஆனந்த உருண்டையை விற்கக் கூடாது.’ முரசு கொட்டியவன் தெருமுனை திரும்புவதற்குள் தாண்டவன் கடையில் ‘பேரின்ப உருண்டை’ என்று புதுப்பலகை ஏறியது.

மறு ஆணை: ‘எந்த உருண்டையையும் விற்கக் கூடாது.’ தாண்டவன் அதே பண்டத்தைத் தட்டையாக்கி வில்லையாக விற்றான். பாவம், கொழுக்கட்டைக் கிழவர்தான் கடையை மூடினார்.

மூன்றாவது ஆணை: ‘அபின் கலந்த உணவு எதையும் விற்கக் கூடாது.’ இதற்கு மேல் என்ன செய்வான் என்று பூவராகன் கடைவீதிக்கே போய்ப் பார்த்தான். முரசு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. கடையில் ‘மூலிகை மருந்து’ என்ற பலகை. பூவராகன் விரலால் தொட்டான். எழுத்தில் சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது.

‘ஆணை இப்போதுதான் வந்தது. பலகை நேற்றே தயார். தாண்டவனுக்குச் சோதிடம் தெரியாது. எழுதுகிறவரைத் தெரியும்!’ என்று அவன் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில் மிச்சமும் தெரிந்தது. தாண்டவன் அரங்கேசனின் மைத்துனன்.

மறுநாள் சபையில் அரங்கேசன் கையைப் பிசைந்தார். “மன்னர்பிரானே, நான் உணவுக்குத்தான் அதிகாரி. அது இப்போது மருந்து. என் கை கட்டப்பட்டிருக்கிறது.”

பூவராகன் பணிவாக எழுந்தான். “உண்மைதான் பிரபு. மருந்து என்றால் நோயாளிதானே வாங்குவான்? வாங்குகிறவர்களுக்கு என்ன நோய் ஐயா?”

அரங்கேசன் சற்றும் யோசிக்காமல், “தூக்கமின்மை” என்றார்.

“கோட்டைக் காவலனுக்குமா? விழித்திருப்பது அவன் வேலை என்றல்லவா நினைத்தோம்!”

சபை குலுங்கியது. அரங்கேசன் முகம் சிறுத்தது.

“போகட்டும். அதிகாரி ஐயாவே ஒரு வில்லை சாப்பிட்டு, தீங்கில்லை என்று காட்டட்டும்” என்று, தாண்டவன் கடையில் வாங்கி வந்த வில்லைகள் இருந்த தட்டை நீட்டினான் பூவராகன்.

“எனக்குத்தான் நோய் இல்லையே!”

“அப்படியானால் இன்னும் நல்லது. நோய் இல்லாதவர் தின்றால் அது மருந்தில்லை, உணவு. உணவென்றால் உங்கள் அதிகாரத்துக்குள் வந்துவிடும். உடனே தடுக்கலாம். இல்லை, நோய் உண்டு என்றால் சொல்லுங்கள். தூக்கமின்மை என்றால், மைத்துனர் கடைப் பலகையை இரவெல்லாம் விழித்து எழுதிக் கொடுத்ததால் வந்ததோ?”

அரங்கேசன் தட்டையும் பார்த்தார், மன்னரையும் பார்த்தார். பிறகு அப்படியே காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“பதவியும் இல்லை, பல்லக்கும் இல்லை! தாண்டவன் கடைக்குப் பூட்டு!” என்று மன்னர் முழங்கினார். ஆனால் அடுத்த கணமே சோர்ந்து உட்கார்ந்தார். “பூவராகா, தாண்டவன் போனால் இன்னொருவன் வருவான். உணவென்றால் மருந்து என்பான், மருந்தென்றால் பிரசாதம் என்பான். நழுவ முடியாத ஆணை ஒன்று எழுத முடியுமா?”

வைத்தியர் பதறினார். “வலியில் துடிப்பவர்களுக்கு நாங்கள் கொடுக்கிறோமே, அதையும் தடுத்துவிடாதீர்கள்!”

“நீங்கள் நாடி பார்த்துக் கையில் கொடுக்கிறீர்கள் ஐயா. நான் தடுப்பது கடையில் விற்பதை” என்ற பூவராகன் மூன்றாவது ஆணையின் ஓலையை வாங்கினான். ஒரு சொல்லை மாற்றினான், சில சொற்களைச் சேர்த்தான், மன்னரிடம் நீட்டினான்.

மன்னர் உரக்கப் படித்தார்.

“அபின் கலந்த பண்டம் எதையும் என் நாட்டுக் கடைகளில் மருந்துக்குக்கூட விற்கக் கூடாது!”

பிறகு மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகனுக்குப் போட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அது சரி, இந்த அரங்கேசனிடம் நேர்மை என்று கொஞ்சமாவது இருந்ததா?”

“தேடிப் பார்த்தேன் பிரபு. அதுவும் மருந்துக்குக்கூட இல்லை!”