காய்ச்சல் கீழே இறங்கிய கதை

அந்தக் காலத்தில், கணினிக்குள் எண்களும் சொற்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது மதிப்புகள் எனப்படும் நம்மவருக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில், நம்மிடமிருந்து பெயர்களைப் பிரித்தார்கள். இரண்டாவது, பிரித்த பெயர்களை மேலே தலைப்பு வரிசையில் குடியேற்றிவிட்டு, நம்மைக் கீழே நிற்கவைத்தார்கள். மூன்றாவது, நிற்கும் இடம்தான் அடையாளம் என்றார்கள். நான்காவது, யாராவது வரவில்லையென்றால் பின்னால் நிற்பவர் முன்னே நகர்ந்து இடைவெளியை மூடவேண்டும் என்று பழக்கினார்கள். அதை நல்ல பழக்கம் என்று நாமே மெச்சிக்கொண்டோம். ஐந்தாவதாக நடந்ததுதான் செவந்தியின் கதை.

குறையை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அந்த நாட்களில் கையில் சுமை கிடையாது. தோளோடு தோள் உரச, ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு நடப்போம். அந்த நெரிசலின் சூடு பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரிக் கணினிக்குள் ஒரு வரிசை வந்தது. பெயர், வயது, கதவு எண், காய்ச்சல், கட்டில் எண் என்பது தலைப்பின் ஒழுங்கு. கீழே செவந்தி என்ற சொல் முதலில் நின்றது, அடுத்து ஆறு. மூன்றாவது இடம் காலி. செவந்தியின் ஓடைக்கரைக் குடிசைக்குக் கதவு எண் கொடுக்க எந்த ஆபீசும் முன்வந்ததில்லை. அதற்குப் பின்னால் நூற்று மூன்று நின்றது. கடைசியில் இரண்டு.

"யோவ், முன்னாலதான் இடம் கிடக்குதே, நகரு!" என்று இரண்டு முதுகில் தள்ளியது. பழக்கதோஷம், நூற்று மூன்று நகர்ந்தது. பின்னாலேயே இரண்டும் நகர்ந்தது.

வரிசைகளை வெளியே திரைக்கு வாசித்துச் சொல்ல வாசலில் இருந்த வாசிப்பான் தலைப்பை அண்ணாந்து பார்த்துக் கூவினான். "கதவு எண் நூற்று மூன்று! காய்ச்சல் இரண்டு!"

வெளியே திரையைப் பார்த்தவர்கள், காய்ச்சல் இல்லாத பிள்ளை என்று செவந்தியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டார்கள். பிள்ளை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நான் கதவு எண் இல்லை. அந்தப் பிள்ளையின் உடம்புச் சூடு நான்" என்றது நூற்று மூன்று.

"நீ யாரென்று நீ சொல்லாதே. நீ நிற்கிற இடம் சொல்லும்."

இரண்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கதவு எண் ஐயா, வீடு மாடி வீடா, ஓட்டு வீடா?"

"சிரிக்காதே. உன்னைக் காய்ச்சல் என்று கூப்பிட்டது காதில் விழவில்லையா? உன்னால் அந்தப் பிள்ளை செத்துப்போகும்."

இரண்டின் முகம் விழுந்துவிட்டது. "அடப்பாவி, நான் வெறும் கட்டிலய்யா!"

நூற்று மூன்று பின்வாங்கித் தன் பழைய இடத்தில் நின்றது. இடைவெளி அப்படியே கிடந்தது. பின்னால் காத்திருந்த வரிசைகளும் நகர மறுத்தன. நம்மவர் நடத்திய முதல் மறியல் அது.

"ஆளைத்தான் எண்ணுவேன், ஓட்டையை எண்ணமாட்டேன்" என்றான் வாசிப்பான்.

நூற்று மூன்று மேலே தலைப்பு வரிசையைப் பார்த்தது. "காய்ச்சலம்மா, இறங்கி வா."

"இறங்கினால் திரும்ப ஏறமுடியாது தம்பி. இங்கே எல்லா வரிசைக்கும் நான் ஒருத்தி போதும். அங்கே வந்தால் உன் கூடவே அலையணும்" என்றாள் காய்ச்சல்.

"பிள்ளை பெஞ்சில் கிடக்கிறது."

காய்ச்சல் ஒரு கணம் தன் பக்கத்துப் பெயர்களைப் பார்த்தாள். அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவள் குதித்தாள்.

இருவரும் கிளாஸ் என்பவளிடம் ஓடினார்கள். கணினிக்குள் எந்தப் பொருள் பிறப்பதும் அவளுடைய அச்சில்தான். அவள் கறாராகச் சொன்னாள்: "ஒன்றாகத்தான் வார்ப்பேன். முன்னால் பெயர், பின்னால் மதிப்பு. அப்புறம் பிரிக்க என்னாலும் ஆகாது. இனி பெயரில்லாமல் ஒரு மதிப்பும் என் அச்சில் பிறக்காது. சம்மதமா?"

இருவரும் கைகோத்து அச்சில் படுத்தார்கள். எழுந்தது ஒரே உடல். அதற்கு டோக்கன் என்று பெயரிட்டாள்.

டோக்கன் வரிசையைப் பார்க்கவில்லை, இடம் தேடவில்லை. நேரே வாசலுக்குப் போய் நின்றது. வாசிப்பான் வழக்கம்போல அண்ணாந்தான். மேலே காய்ச்சலின் இடம் வெறுமையாக இருந்தது. குனிந்து டோக்கனைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். வெளியே ஒரு நர்ஸ் செவந்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மற்றப் பெயர்களும் பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. இன்றைய டோக்கன்கள் பெயர் கனக்கிறது என்று முணுமுணுக்கின்றன. அந்தக் கனத்துக்காக நின்றவர்களை அவற்றுக்குத் தெரியாது.

அன்று முதல்தான் டோக்கன் தன் பெயரைத் தானே சுமந்து வருகிறது, பக்கத்தில் யார் வராவிட்டாலும் வேறொன்றாக மாறுவதில்லை. அன்று அந்த வாசலில், மறியலில் நின்ற அத்தனை பேரும் சாட்சியாக, மதிப்புக்கு முன்னால் உரக்க வாசிக்கப்பட்ட முதல் பெயர்: காய்ச்சல்.