தேர் போன தெரு

கீழவீதியில் பஞ்சர் ஒட்டுகிற அஞ்சலைக்குச் சொத்து ஒரு தகரக் கொட்டகைதான். அதன் பக்கத்தில் வந்து நகர முடியாமல் நின்றது பேரூராட்சித் தலைவர் தங்கப்பழத்தின் புது கார்.

தலைவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உன் கொட்டகையாலதான் தெருவே குறுகிப்போச்சு. நாளைக்குக் காலி பண்ணிடு. இல்லேன்னா, ஒரு செங்கலையும் தொடாம தெருவை அகலமாக்கிக் காட்டு."

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அஞ்சலை டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டாள்.

"போன மாசம் தேர் இந்த வழியாத்தானே போச்சு, தலைவரே?"

"ஆமா. நான்தானே முதல்ல வடம் பிடிச்சேன்."

"தேர் பெருசா, உங்க கார் பெருசா?"

"தேர்தான். அதுக்கென்ன?"

"அன்னைக்கும் என் கொட்டகை இங்கதான் இருந்துச்சு. தேர் உரசாமப் போச்சே."

"அன்னைக்குத் தெருவுல நின்ன காரையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டோம்ல."

"அந்தக் காரெல்லாம் யார் வீட்டுதுங்க?"

தெருவின் எதிர்ப்பக்கம், தலைவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்ற மூன்று கார்களை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார்.

அஞ்சலை காற்றடித்து முடித்த சைக்கிளை அவர் பக்கம் தள்ளினாள். "ஆபீசு அடுத்த தெருதானே. இதுல போயிட்டு வாங்க. தெரு அகலமாயிருச்சான்னு நீங்களே சொல்லுங்க."

ஊரே பார்க்கும்போது வேறென்ன செய்வார்? ஏறி மிதித்தார். தெருமுனை வரைக்கும் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. தன் வீட்டு வாசலில் மட்டும் ஒதுங்கி, மணியடித்துக்கொண்டே போனார்.