வள்ளக்காரரின் ‘நீங்க’

நாகர்கோவிலில் ஓர் ஆசான் இருந்தார். வயது முப்பத்தாறு. அவருடைய சீடருக்கு ஐம்பத்து மூன்று.

ஆசானின் பெயர் ஷெர்லின். ஒரு மருந்துக்கடையின் மாடியில் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு வீடியோ கேம் உருவாக்கிக்கொண்டிருந்தார். சிலம்பம் சொல்லித்தருபவர்களை அழைப்பதுபோல யாரோ கேலியாக ‘ஆசான்’ என்று தொடங்கினார்கள். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. சீடர் நல்லபெருமாள் அரசு வேலையில் விருப்ப ஓய்வு பெற்று, கேமில் வருகிற மனிதர்களுக்கு வசனம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் ஆசானின் மேசை முன்னால் வந்து நின்றார்.

“ஆசான், ஒரு கேள்வி.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“கேமை இன்னும் ஆழமாக்கினா ஜனங்க கூடக் காசு குடுத்து வாங்குவாங்களா?”

“இது யாரு கேள்வி? உங்களுதா, வைத்தீஸ்வரனுதா?”

இரண்டு பேருடையதும்தான்.

வைத்தீஸ்வரன் பெங்களூரிலிருந்து கேமை வெளியிடப் போகிறவர். மாலை நான்கு மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். அவர் காட்டிய வழிகள் இரண்டு. நல்லபெருமாள் எழுதியதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, அடுத்த மாதமே குறைந்த விலைக்கு வெளியிடலாம். அல்லது இன்னும் ஆறு மாதம் உழைத்து, முழுக் கேமையும் இரண்டு மடங்கு விலைக்கு விற்கலாம். விற்காவிட்டால் மாடியைப் பூட்ட வேண்டியதுதான்.

கேமில் நாம் ஒரு வைத்தியர். காயல் கரையில் வந்து இறங்குகிறோம். காயலுக்கு நடுவே ஒரு தீவு, தீவில் விஷக் காய்ச்சல். அங்கே போக ஒரே ஒரு வள்ளம், ஒரே ஒரு வள்ளக்காரர். அவருக்கு நல்லபெருமாள் ஒரு குணம் கொடுத்திருந்தார். தன்னை எப்படி அழைத்தார்கள் என்பதை அவர் மறப்பதில்லை.

தெற்கே ஒருவரிடம் வழி கேட்பதற்குக்கூட முதலில் அவர் யார் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று வாசல்; பழகியவர்களுக்கு ‘நீர்’, கூடவே ஒரு ‘வே’. எதிலே நுழைகிறோம் என்பதை வள்ளக்காரர் கவனிப்பார். கோபத்தைக் காட்ட மாட்டார். திரையில் மதிப்பெண் குறையாது. அவர் நம்மை அழைக்கும் விதம் மட்டும் மாறும்.

இந்த ஒன்றை எழுத மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு சொல் மாறுவதற்கு மூன்று வருடமா என்று நல்லபெருமாள் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆழம் என்று சொல்லிக்கொள்வது தன் கர்வம்தானோ என்றும் கேட்டிருக்கிறார்.

“ஆயிரத்து இருநூறு பேர்கிட்ட விசாரிச்சோம் ஆசான். பாதிப் பேர் கூடக் குடுப்போம்னாங்க. பாதிப் பேர் மாட்டோம்னாங்க.”

“அவங்கள்ல யாராவது வள்ளக்காரரைப் பாத்திருக்காங்களா?”

“இல்ல.”

ஆசான் போனை எடுத்தார். “கண்டக்டர் சார், இன்னைக்கு ஓய்வுதானே? மேல வாங்க.”

பஸ் கண்டக்டர் செண்பகராமன் பக்கத்துத் தெருக்காரர். ஓய்வு நாளில் வந்து புதுக் கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவருக்குப் பிடித்த வேலை. வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார்.

திரையில் வள்ளக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “எங்கவே போணும்?”

பதில் சொல்ல மூன்று வரிகள் தோன்றின. கண்டக்டர் யோசிக்கவே இல்லை. ‘ஏய், வள்ளத்தை எடு’ என்பதை அழுத்தினார்.

“என்னவே இப்படி?” என்றார் நல்லபெருமாள்.

“இருபத்தி ரெண்டு வருசமா ‘ஏறு, இறங்கு, உள்ள போ’ன்னுதானவே சொல்லுதேன். நமக்கு அதுதான் வரும்.”

“ஏறுங்க” என்றார் வள்ளக்காரர்.

கேமில் அன்று தீவுக்குப் போனார்கள், திரும்பினார்கள். மறுநாளும் அப்படியே. வள்ளக்காரர் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் தீவில் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் முற்றியது. பொழுது சாய்வதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“காத்து சரியில்லீங்க” என்றார் வள்ளக்காரர். “நீங்க வேற வள்ளம் பாத்துக்கிடுங்க.”

“வேற வள்ளமே கிடையாதே!” என்று கண்டக்டர் திரையைப் பார்த்துக் கத்தினார். கூலியை இரண்டு மடங்காக்கி நீட்டினார்.

“கூலி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க” என்று வள்ளக்காரர் திருப்பிக் கொடுத்தார்.

கண்டக்டரின் விரல் நின்றது.

“வே, இவரு என்னை ‘நீங்க’ன்னுல்லா சொல்லுதாரு?”

“ஆமா” என்றார் நல்லபெருமாள்.

“மொத நாள் ‘வே’ன்னாரே!”

“ஆமா.”

“யய்யா! மனுசன் கோவத்துல இருக்காரு!” கண்டக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “எங்க சித்தப்பா இப்படித்தான். என் மச்சினன் கல்யாணத்துல வந்து, ‘நீங்க சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டாரு. அதுக்குப் பொறவு நாலு வருசம் பேச்சு இல்ல. எனக்கு இந்த நோய் தெரியும்வே, விடும், நான் பாத்துக்கிடுதேன்.”

மற்ற மேசைகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

கண்டக்டர் காசு நீட்டவில்லை, கெஞ்சவில்லை. கரையில் கிடந்த வள்ளத்தில் ஏறி, தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். ஒரு தடவை அழுத்தினால் ஒரு குவளைத் தண்ணீர். நாற்பது தடவை, எழுபது தடவை. திரையில் எந்தப் பரிசும் வரவில்லை. வள்ளக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வேற ஏதாவது செய்யும்வே, பிள்ளை செத்துரும்” என்றார் ஒருவர்.

“சும்மா கிடவே. பாதியில விட்டா நடிப்புன்னு நெனைப்பாரு.”

நூற்றுப் பத்தாவது குவளையில் வள்ளக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். மூன்று வரிகள் தோன்றின. இந்த முறை கண்டக்டர் மூன்றையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு ஒன்றை அழுத்தினார்.

‘அண்ணாச்சி, அன்னைக்கு நான் பேசினது தப்பு.’

வள்ளக்காரர் வானத்தைப் பார்த்தார். “வீட்டுல சொல்லிட்டு வாறேன்” என்று போனார். பத்து விநாடி திரையில் வெறும் கரை மட்டும். அவர் துடுப்போடு திரும்பி வந்தார்.

“ஏறும்வே.”

கண்டக்டர் குதித்த குதியில் நாற்காலி பின்னால் விழுந்தது. எட்டுப் பேரும் கூச்சலிட்டார்கள். ஒருவர் மேசையில் தாளம் போட்டார். கீழே மருந்துக்கடைக்காரர், “மேல என்னவே, இடியா விழுகு?” என்று சத்தம் போட்டார். வள்ளம் புயலுக்குள் போனது. பொழுது சாயும் முன்னே மருந்து போய்ச் சேர்ந்தது.

நல்லபெருமாள் சுவரோரமாக நின்றார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

“வே, இதுக்கு ரெண்டு மடங்கு விலை வச்சா வாங்குவீரா?”

“ரெண்டு மடங்கா? என்னத்துக்கு?” கண்டக்டர் முகத்தைத் துடைத்தார். “மாட்டேன்வே. ஒரு கேமுக்கு எவனாவது அம்புட்டுக் குடுப்பானா?”

நல்லபெருமாள் ஆசானிடம் திரும்பினார். “கேட்டீங்களா?”

“கேட்டேன்” என்றார் ஆசான். குனிந்து கணினியில் எதையோ மாற்றினார். வெட்டிச் சுருக்கிய கேம் திரையில் வந்தது. “கண்டக்டர் சார், இதைச் சும்மாவே தாறேன். ஆடிப் பாருங்க.”

அதே காயல், அதே கரை. “எங்கவே போணும்?”

‘ஏய், வள்ளத்தை எடு.’

“ஏறும்வே” என்றார் வள்ளக்காரர்.

கண்டக்டர் புருவத்தைச் சுருக்கினார். இறங்கி மறுபடி வந்தார். இருப்பதிலேயே மோசமான வரியைத் தேடி அழுத்தினார்.

“ஏறும்வே.”

கூலி கொடுக்காமல் இறங்கிப் போனார். திரும்பி வந்தார்.

“ஏறும்வே.”

கண்டக்டர் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். “இது ஆருவே?”

“அதே வள்ளக்காரர்தான்.”

“அவரு இல்ல இது. இந்த ஆளுக்குச் சூடு சொரணையே கிடையாது. சும்மா தந்தாலும் வேண்டாம். அவரையே திரும்ப வையும்.”

மணி நான்காகப் போனது. கண்டக்டர் கிளம்பவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்துகொண்டார்.

“வே, ஒண்ணு சொல்லும். ‘வீட்டுல சொல்லிட்டு வாறேன்’னாரே, வீட்டுல ஆரு?”

நல்லபெருமாளுக்கு அந்த வரி நினைவிருந்தது. புயல் காட்சி தயாராவதற்குக் கணினிக்குப் பத்து விநாடி தேவைப்பட்டது. அந்த நேரத்துக்கு வள்ளக்காரரை எங்கேயாவது அனுப்ப வேண்டுமே என்று எழுதிய வரி அது.

“தெரியாது” என்றார்.

“தெரியாதா? எழுதினது நீருதானே?”

“ஆமா.”

“பொறவு?”

நல்லபெருமாளும் அதைத்தான் கேட்டுக்கொண்டார். பொண்டாட்டியா? அம்மாவா? புயலிலே போகாதே என்று யாராவது தடுத்திருப்பார்களா? தடுத்தும் வந்தாரா? அவர் கை தானாக ஆசானின் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தது.

போன் அடித்தது. ஆசான் ஸ்பீக்கரில் போட்டு, சீடரின் பக்கம் தள்ளினார்.

“என்ன சார் முடிவு?” வைத்தீஸ்வரனின் குரல் அவசரமாக வந்தது. “வெட்டிடலாமா?”

“வெட்டல” என்றார் நல்லபெருமாள். சொன்ன வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “ஆறு மாசம் வேணும்.”

“சந்தோஷம். அப்போ ஆளுங்க கூடக் குடுப்பாங்க. கேட்டீங்கதானே?”

“கேட்டேன். மாட்டாங்களாம்.”

“என்ன சார்! அப்போ சின்னதைத்தானே வாங்குவாங்க?”

“சும்மா தந்தாலும் வேண்டாமாம்.”

“அப்புறம் என்னதான் சார் கேக்கறாங்க?”

நல்லபெருமாள் ஆசானைப் பார்த்தார். ஆசான் போனை நோக்கிக் குனிந்தார்.

“வள்ளக்காரர் வீட்டுல யாருன்னு கேக்காங்க.”