சிவப்பு கேட்டு வாங்கிய கட்டளை

கணினியின் கறுப்புத் திரையில் நிறங்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், எழுத்துகள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. ஒரு சொல்லை எடுப்பாகக் காட்ட வேண்டுமானால் நிரல் ஒரு நிறத்தை அழைக்கும். அது வந்து அந்தச் சொல்லின் மேல் நிற்கும். சொல் முடிந்ததும் தானாகக் கிளம்பிவிடும். போ என்று யாரும் சொல்வதில்லை.

எல்லாம் சரி என்று சொல்லப் பச்சைக்கு நாள்தோறும் அழைப்பு வரும். சிவப்பை ஆபத்துக்குத்தான் அழைப்பார்கள். அவளைக் கண்டு யாரும் சிரித்ததில்லை.

ஒருநாள் ‘கவனம்’ என்ற ஒரு சொல்லுக்காக வந்தவள், போகாமல் நின்றாள்.

“அக்கா, வேலை முடிஞ்சுதே, கிளம்பலையா?” என்றது பக்கத்தில் இருந்த வெள்ளை எழுத்து.

“இன்னும் ஒரு வரி இருந்துட்டுப் போறேன். உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?”

“விருந்தும் மருந்தும் மூணு நாள்தான்” என்று பச்சை கேலி செய்தாள்.

“தினமும் விருந்து சாப்பிடுறவ நீ. பேசாம இரு.”

ஒரு வரி பத்தானது. தேதி சிவந்தது, கோப்புகளின் பெயர்கள் சிவந்தன, ‘வணக்கம்’கூடச் சிவந்தது. திரையின் முன் இருந்தவள் செண்பகவடிவு. தன் ஊர் ஏரியில் பெய்த மழையைப் பதினோரு வருடமாகப் பதிந்து வருபவள். முதலில் பதறினாள். பிறகு, “இதுக்கு இன்னைக்குக் காய்ச்சல் போல” என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அந்தச் சிரிப்பில் சிவப்பு மனம் குளிர்ந்துபோனாள்.

வேண்டாத பழைய கடிதங்களை மட்டும் அழிக்க நினைத்த செண்பகவடிவு, கைதவறி மழைப் பதிவுகளின் பெயரையே தட்டிவிட்டாள். ‘பதிவுகள் முழுவதும் அழியும். சம்மதமா?’ என்று நிரல் கேட்டது.

சிவப்பு தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள். சிவந்த வரிகளுக்கு நடுவே அதுவும் ஒரு சிவந்த வரி. செண்பகவடிவு படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

பதினோரு வருட மழை போய்விட்டது. அவள் வெகுநேரம் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் கத்தினேனே!” என்றாள் சிவப்பு.

“காலையிலேருந்து கத்திக்கிட்டுத்தானே இருக்கீங்க அக்கா” என்றது வெள்ளை எழுத்து, மெதுவாக.

சிவப்பு நிரலிடம் போனாள். “இனிமே என்னைக் கூப்பிடும்போதே போகவும் சொல்லிடு. எனக்காப் போகத் தெரியலை.” மற்ற நிறங்களும் தலைகுனிந்து அதற்கு ஒப்புக்கொண்டன.

நிறம் பூசிய ஒவ்வொரு சொல்லின் முடிவிலும், ‘பழையபடி ஆகு’ என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டளையை நிரல்கள் அனுப்புவது அன்று முதல்தான். எந்த நிரலாவது அதை மறந்தால் திரை முழுவதும் சிவந்து கிடக்கும். சிவப்பு, யாராவது போகச் சொல்லமாட்டார்களா என்று நின்றுகொண்டிருப்பாள்.