கண்ணை மூடிக்கொண்டு போகும் ஊர்

முன்னொரு காலம், நாட்டின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அந்நாட்டு அரசர் சித்திரசேனருக்கு விடியற்காலைதோறும் ஒரே கனவு.

"கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மருக்கொழுந்து வாசம் வருகிறது. பெரிய பெரிய இறக்கைகள் 'தப், தப்' என்று அடிக்கின்றன. எங்கோ ஒரு பெண் பாதிப் பாட்டைப் பாடி நிறுத்துகிறாள். அந்த ஊருக்கு நான் போயாக வேண்டும்!"

மூன்று மாதம் குதிரைகள் எட்டுத் திக்கும் பறந்தன. பலனில்லை.

பிரதானி வீமராயருக்கு விகடகவி மருதையனைக் கண்டாலே ஆகாது. மருதையன் ஏழு வயதில் அம்மை கண்டு பார்வை இழந்தவன்.

"அரசே, கண்ணுள்ளவர்கள் தேடிக் களைத்துவிட்டார்கள். நம் மருதையன் காட்டட்டுமே! மூன்று நாள் கெடு. முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. அரசரும், ஆசை மிகுதியில், "ஆகட்டும்" என்றுவிட்டார்.

மருதையன் தன் தடியைத் தரையில் தட்டிப் பார்த்தான். இந்த ஊரில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கல் ஆடும் என்பதுவரை அவன் காலுக்குத் தெரியும். வேறு ஊர் என்றால் இரண்டாம் முறை பார்வை போனதுபோல்தான். ஆனால்... அந்தக் கனவில் ஒரு நிறமில்லை, ஒரு முகமில்லை. வெறும் வாசம், வெறும் ஓசை. அது அவன் அன்றாடம் நடமாடும் உலகமல்லவா!

"அரசே, கனவைக் கண்ணை மூடித்தானே கண்டீர்கள்?"

"ஆமாம்."

"அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டுதான் அங்கே போக முடியும். நாளை விடியலில் புறப்படலாம். கிரீடமும் செருப்பும் வேண்டாம். சாட்சிக்குப் பிரதானியும் வரட்டும். அவருக்கும் கண்கட்டு உண்டு."

மறுநாள் மருதையனின் தடி நுனியை அரசர் பிடித்துக்கொண்டார். அரசரின் மேலாடையை வீமராயர் பிடித்துக்கொண்டார். படிகள் இறங்கின. உள்ளங்காலில் ஈரமண் குளிர்ந்தது. மருக்கொழுந்து மணம் மெல்ல வந்து சூழ்ந்தது. தப், தப். மேகம் ஒன்று தாழ வந்து அரசரின் கன்னத்தை நனைத்துப் போனது. அதோ, அதே பாதிப் பாட்டு.

"இதுதான்... இதேதான்!" என்று கூவினார் அரசர்.

தொபுக்!

"ஐயோ, செத்தேன்!" வீமராயரின் அலறல்.

பாட்டு நின்றது. "யோவ்! கண்ணுல துணியைக் கட்டிக்கிட்டு விடிஞ்சும் விடியாம என்னய்யா விளையாட்டு? குளிக்கிறதுக்கு என் சாயத் தொட்டிதான் கெடைச்சுதா?"

அரசர் கண்கட்டை அவிழ்த்தார். கொடிகளில் ஈரப் புடவைகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில், சந்தைக்குப் போகக் கூடை கூடையாய் மருக்கொழுந்து. இடுப்பில் கைவைத்த சாயக்காரி. நிமிர்ந்தால், கூப்பிடு தூரத்தில் அவருடைய பள்ளியறைச் சன்னல்!

"மோசடி, அரசே! இது அரண்மனைக்குப் பின்தெரு!" நீல நிறத்தில் எழுந்து நின்றார் வீமராயர்.

"அதுவேதான், பிரதானியாரே," என்றான் மருதையன். "அரசர் உறங்கும்போது தெரு விழித்துக்கொண்டு சன்னலேறி வருகிறது. அவர் எழுவதற்குள் வேலை முடித்து அடங்கிவிடுகிறது. கண்ணால் தேடினால் எங்கே அகப்படும்?"

அரசர் நீலப் பிரதானியைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார்.

"மருதையா, உனக்குத் தெரிந்த தெரு இன்னும் எத்தனை?"

"முப்பத்தாறு, அரசே."

அரசர் துணியை எடுத்துத் தாமே மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டார். கையை நீட்டித் தடியைத் தேடினார்.

"நட."