கெம்பன் இரண்டாம் தடவை சொன்னது

காட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், யாரும் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்வதில்லை. மான் "ஓடை வத்திப்போச்சு" என்றால் ஒரு தடவைதான். மலைப்பாம்பு "பசிக்குது" என்றால் அதுவும் ஒரு தடவைதான், கேட்டவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். தேனீக்களும் பேசின. ஆனால் ஒரு கூட்டில் உள்ளவை அத்தனையும் ஒரே நேரத்தில் பேசும் என்பதால், அவை என்னதான் சொன்னன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மனிதர்கள் இந்த விஷயத்தில் மற்ற எல்லாரையும்விடக் கண்டிப்பு. சொன்னதையே ஒருவர் திரும்பச் சொன்னால், "உனக்குக் காது இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். கேட்டவர் எழுந்து போய்விடுவார். அடுத்த தேன் பருவம் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளுக்குள் இது இன்னும் பெரிய குற்றம். கீழ்க்காட்டில் ஒருவர் தன் சம்பந்தியிடம் "மழை வருது, உள்ள வாங்க" என்பதை மறதியாக இரண்டு தடவை சொல்லிவிட்டார். சம்பந்தி உள்ளே வரவில்லை. மழை மொத்தத்தையும் முற்றத்தில் உட்கார்ந்தே நனைந்து முடித்து, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். மூன்று பருவம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த முறைக்கு அடங்காத ஒரே பிறவி குக்குறுவான். பச்சை உடம்பும் தடித்த அலகுமாக அத்திமரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து அடையும்வரை "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதுக்கு வெட்கம் கிடையாது என்று காடே விட்டுவிட்டது.

அந்த மலையில் கெம்பன் என்று ஒருவன் இருந்தான். நல்ல உயரம், உரமேறிய கைகள், யாரிடமும் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளத் தெரியாத குணம். அவனுக்கு ஒரே அக்கா, நஞ்சி. அக்காவின் கணவர் சடையன்தான் அந்தப் பக்கத்திலேயே தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்.

தேன் எடுப்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாறை விளிம்பிலிருந்து கொடியில் தொங்கி இறங்குகிறவனுக்கு, மேலே இருந்து கொடியைக் காப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூட அந்த இடம் கிடையாது. அண்ணன் தம்பிக்குள் பங்கு, பாகம் என்று பழசு ஏதாவது கிடக்கும். அக்காவைத் தன் கையால் விதவையாக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது. ஆகையால் சடையனின் உயிர் எப்போதும் கெம்பன் கையில்தான்.

சிக்கல் என்னவென்றால், சடையன் ரோஷக்காரர். ஆந்தை ஒன்று ஒரே இரவில் இரண்டு தடவை அலறியதற்காக மரத்தடிக்கே போய் நியாயம் கேட்டவர்.

அன்று காலை இருவரும் கிளம்பும்போது நஞ்சி களி உருண்டையை இலையில் கட்டிக் கொடுத்தாள். "மாமாவப் பாத்துக்கடா" என்றாள். இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாறைக்குப் போனதும் கெம்பன், முந்தின நாளே மூன்று புரியாகத் திரித்து வைத்திருந்த கொடியை மரத்தில் கட்டினான். சடையன் புகைப்பந்தத்தையும் மூங்கில் குழாயையும் முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார். பாறையின் அடிவயிற்றில் கூடுகள் வரிசையாகத் தொங்கின. புகை ஏறியதும் தேனீக்கள் அத்தனையும் பேசத் தொடங்கின.

கெம்பன் கொடியின் மேல் கண் வைத்தபடி இருந்தான். விளிம்புக்கு இரண்டு முழம் கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். அந்த இடத்தை யாரோ பல்லால் சுரண்டியிருந்தார்கள். மூன்று புரிகளில் ஒன்று அறுந்துவிட்டது. அடுத்தது நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. கூட்டை எட்டிப் பிடிப்பதற்காகச் சடையன் கீழே ஊஞ்சலாட, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு நார் போனது.

"மாமா, கொடி அறுபடுது. மேல வந்துடுங்க."

கீழே இருந்து பதில் இல்லை. தேனீக்களின் இரைச்சல் அந்தச் சொற்களை அப்படியே விழுங்கிவிட்டது. சடையன் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு அடுத்த கூட்டுக்கு ஆடிப் போனார்.

கேட்டிருக்கும், இந்தக் கூட்டை முடித்துவிட்டு ஏறுவார் என்று கெம்பன் தன்னையே தேற்றிக்கொண்டான். இன்னொரு நார் போனது. கொடியை ஆட்டிச் சைகை காட்டலாமென்றால், ஆட்டினால் மிச்சமும் போய்விடும். இழுத்துத் தூக்க அவன் ஒருவனால் ஆகாது.

"இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றது அத்திமரத்துக் குக்குறுவான். "என்னப்பா, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?"

"நான் சொன்னது மாமாவுக்குக் கேக்கல."

"அப்ப இன்னொரு தடவை சொல்லு."

"அது எப்படி? அக்கா வீட்டோட பேச்சே அத்துப்போகும். அடுத்த பருவம் வரைக்கும் அக்காவ எங்க வீட்டுப் பக்கம் அனுப்ப மாட்டார்."

"விழுந்துட்டார்னா மட்டும் கூட வந்து விட்டுட்டுப் போவாராக்கும்."

குக்குறுவான் ஒரு கிளை கீழே இறங்கி உட்கார்ந்தது.

"இதோ பாரு. நான் முட்டையவிட்டு வந்த நாள்லேருந்து ஒண்ணையேதான் சொல்லிட்டிருக்கேன். ஒரு இறகு உதிரல. வேணும்னா உனக்கும் கொஞ்சம் தர்றேன், எடுத்துக்க. ஆனா குடுத்தா குடுத்ததுதான். அப்புறம் திருப்பி வாங்கிக்க மாட்டேன்."

"எதை?"

"இரண்டாந்தடவைய."

கீழே ஒரு நார் அறுந்தது. அந்தச் சத்தம் கெம்பனுக்கு விலா எலும்பில் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

"மாமா, கொடி அறுபடுது. மேல வந்துடுங்க."

சொல்லி முடித்ததும் நாக்கு தானாகவே புரண்டது. "மாமா, கொடி அறுபடுது. மேல வந்துடுங்க."

ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான் தலையைத் தூக்கியது. மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. ஒரு மனிதன், அதுவும் அக்கா புருஷனிடம், சொன்னதையே சொல்கிறான். தேனீக்களே திகைத்துப்போய் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிட்டன. அந்த ஒரு நொடியில் கெம்பன் பேசவில்லை; எதிர்ப்பாறையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த கருமந்திதான் பேசியது.

"அட சடையா, உன் மச்சினன் ஒண்ணையே மூணு தடவை சொல்றானே, உனக்கு என்ன காது போச்சா?"

எச்சரிக்கை போய்ச் சேராத காதுக்கு வம்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. சடையன் நிமிர்ந்து பார்த்தார். தேனடையை அப்படியே விட்டார். கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மச்சினன் சட்டையே போடாதவன் என்பதையும் மறந்து, அவன் சட்டையைப் பிடிக்கும் வேகத்தில் ஏறினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை. விளிம்பில் கை வைத்தவுடன் கெம்பன் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான்.

சடையன் எழுந்து நின்று கத்தியைக் கையில் எடுத்தார். "நான் என்ன செவிடனாடா? மூணு தடவை…"

அவருக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். கொடி தன் சொந்தக் கனம் தாங்காமல் அறுந்து போய்க்கொண்டிருந்தது. அது கீழே விழுந்த ஓசை வருவதற்கு வெகுநேரம் ஆனது.

சடையன் திரும்பிப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். மூங்கில் குழாய் சாய்ந்து அவர் முழங்காலில் தேன் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

"முதல் தடவை என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"கொடி அறுபடுது, மேல வந்துடுங்கன்னு."

"இரண்டாந்தடவை?"

"அதையேதான் மாமா."

சடையன் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னொரு தடவை சொல்லு, மாப்ள."

கெம்பன் சொன்னான். நாலாந்தடவையாக.

அந்த வழியாக வாலைத் தூக்கிக்கொண்டு வந்த மலையணில் நின்று பார்த்தது. "கொடி போயிடுச்சா? பல்லு அரிச்சுதுன்னு கொஞ்சம் கடிச்சுட்டேன், பாத்து இறங்குங்கன்னு நேத்தே சொன்னேனே."

"யாருகிட்ட?"

"உங்கிட்டதான் கெம்பா. கிழங்கு சுட்டுட்டிருந்த. ஒரு தடவை சொன்னேன், முறைப்படி."

வீட்டுக்கு வந்ததும் நஞ்சி சோறு போட்டாள். "உப்புப் போதுமாடா?" என்றாள். "போதும்க்கா, போதும்க்கா" என்றான் கெம்பன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததை அவன் சொன்னான். சொல்லி முடித்து, அவள் முகத்தைப் பார்த்து, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்து, மறுபடி சொன்னான். சாப்பிட்டு எழுவதற்குள் ஐந்து தடவை ஆகிவிட்டது. அறுந்த கொடி சர்ரென்று போகும் இடம் வரும்போதெல்லாம் சடையன் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கெம்பன் அத்திமரத்தடிக்குப் போய், "இத நீயே வச்சுக்க, நீயே வச்சுக்க" என்று கெஞ்சினான்.

"அதான் அப்பவே சொன்னேனே" என்றது குக்குறுவான். எவ்வளவு கெஞ்சியும் அதை மட்டும் அது இரண்டாந்தடவை சொல்லவில்லை.

நஞ்சிக்கு மட்டும் அலுக்கவில்லை. தம்பி அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, "ம், அப்புறம்?" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவள் புருஷன் பத்திரமாக மேலே ஏறி வந்தார்.

அந்தத் தேன் பருவத்துக் காலையிலிருந்துதான் நம்மில் சிலர் சொன்னதையே சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று கொடி பிடித்தவன் கண்ணோடு நம் முகத்தைப் பார்க்கிறார்கள்; நஞ்சியின் வழியில் வந்தவர்கள் மட்டும் முந்தாநாள் கேட்ட கதைக்கும் "ம், அப்புறம்?" என்கிறார்கள்.