பாசியழகியின் வெந்நீர்க் குளியல்

வெகு காலத்துக்கு முன்பு, கேட்டால் மட்டும் ஏரிகள் பதில் சொன்ன நாளில், மணலேரி என்றொரு குட்டி ராஜ்ஜியம் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். வீட்டில் நல்லது எது நடந்தாலும் ஏரிக்குப் படையல் உண்டு. ஒரு கூடை சாணம், ஒரு குடம் அரிசி கழுவிய நீர். ராஜா மகளுக்குக் கல்யாணம் என்றதும் நூறு வண்டிப் படையல் இறங்கியது. சில நாளில் ஏரி முழுக்கப் பச்சைப் பட்டு விரித்தது போலப் பாசி.

"என்ன அழகு!" என்றார் ராஜா.

வாத்து மேய்க்கும் வள்ளிக்கண்ணுவுக்கு அது அழகாகப் படவில்லை. அவளுடைய செல்ல வாத்து சொக்கன் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கழுத்து தொங்கிக் கிடந்தான். நாளைக்கு ஊருக்கே அதில்தான் கல்யாணப் பாயசம்! அரண்மனை மடைப்பள்ளிக்கு ஓடினாள்.

"மாமா, தண்ணீரில் விஷம்!"

சமையல்காரர் அம்பலவாணர் சிரித்தார். "போடி வாத்துக்காரி! என் அண்டாவில் மூன்று கொதி வந்தால் எந்த விஷமும் ஓடிப்போகும்."

முதல் கொதி வந்தது. நுரைக்குள்ளிருந்து பச்சைக் கூந்தல்காரி ஒருத்தி தலை நீட்டினாள். "ஆகா, வெந்நீர்க் குளியல்!"

இரண்டாம் கொதி வந்தது. "முதுகுக்கு இதமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் விறகு போடுங்கள்!"

மூன்றாம் கொதி வந்தது. தண்ணீர் பாதியாகச் சுண்டியது. அவள் இரு மடங்கு பெருத்தாள். "நான் பாசியழகி! கொதிக்கக் கொதிக்க என் விஷம் தண்ணீரில்தான் இறங்கும்!"

அம்பலவாணர் மாவு மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்.

வள்ளிக்கண்ணு நகரவில்லை. "இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறாயே அக்கா, என்ன சாப்பிடுகிறாய்?"

புகழ்ந்தால் பாசியழகி உருகிவிடுவாள். "எல்லாம் உங்கள் படையல்தான், கண்ணு!"

வள்ளிக்கண்ணு ராஜாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"படையலை நிறுத்தினால் ஏரி கோபிக்காதா?" என்று பயந்தார் ராஜா.

"கேட்டுப் பார்ப்போமே, மகாராஜா."

கரையில் நின்று கேட்டார்கள். "வயிறு முட்டி மூச்சு திணறுகிறது," என்று முனகியது ஏரி. "இத்தனை வருஷத்தில் ஒருவராவது கேட்டீர்களா?"

படையல் அன்றோடு நின்றது. சாணம் வாழைத் தோப்புக்குப் போனது. கல்யாணப் பாயசத்துக்கு மலைச் சுனையிலிருந்து தண்ணீர் வந்தது. ராஜாவே இரண்டு குடம் சுமந்தார். சொக்கனும் சுனைநீர் குடித்துத்தான் தேறினான்.

முதல் மாதம், "எங்கே சாணம்?" என்று ஏரிக்குள்ளிருந்து கத்தினாள் பாசியழகி. இரண்டாம் மாதம், "கழுநீராவது?" என்று கெஞ்சினாள். மூன்றாம் மாதம் ஒரு குமிழி வந்தது. 'பொளக்'. அவ்வளவுதான்.

ஏரி நீலமானது. ஆனாலும் யாரும் குடிக்கவில்லை. வள்ளிக்கண்ணு கேட்டாள், "இப்போது குடிக்கலாமா?"

"இன்னும் பத்து நாள்," என்றது ஏரி. பதினோராம் நாள் சொக்கன் முதல் ஆளாகக் குதித்தான்.

ராஜா வள்ளிக்கண்ணுவை ஏரிக்கே அதிகாரி ஆக்கினார். இன்றும் அந்த ஊரில் நல்லது நடந்தால் எல்லாரும் கரைக்குப் போய், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

"ஒன்றும் போடாதீர்கள், அது போதும்," என்கிறது ஏரி.